கீழ்வீட்டு மீட்டர்

ரொட்டிப் பை ஒன்றைக் கிழித்து விரித்து, அதன் உள்பக்கத்தில் லோர்னா கட்டம் போட்டிருந்தாள். இடப்பக்கம் மூன்று கம்பெனிகளின் பெயர்கள். அவற்றுக்கு நேரே கேஸ் யூனிட்டின் விலை, கரண்ட் யூனிட்டின் விலை, தினசரி நிலைக்கட்டணம், ஒப்பந்தம் முடியுமுன் விலகினால் கட்ட வேண்டிய தண்டம். ஒருவன் யூனிட் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு நிலைக்கட்டணத்தில் பிடுங்கினான். இன்னொருவன் கேஸில் விட்டுக்கொடுத்து கரண்டில் வாங்கிக்கொண்டான். எல்லோரும் திருடர்கள்தான். அவர்களில் கொஞ்சமாவது கூச்சம் உள்ள திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அவளுடைய கோபம் கம்பெனிகள் மேல் இல்லை. கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் நெவில் மேல்தான்.

"இந்தத் தடவ கம்பெனி மாத்தியும் பில்லு குறையலன்னா, முன்னாடியே காசு ஏத்துற மீட்டர வெக்கச் சொல்லிடுவேன்" என்றாள். "காசு தீந்தா கரண்டு நின்னுடும். அப்பத் தெரியும், நான் வேலைக்குப் போனப்புறம் இங்க என்ன நடக்குதுன்னு."

"வெச்சுக்கோ, கண்ணு" என்றான் நெவில்.

அந்தப் பணிவுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது. சண்டை போடுகிறவனிடம் சண்டை போடலாம். இவன் மூன்று வருடமாக எதற்கும் தலையாட்டுகிறான்.

அவர்கள் இருந்தது இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், கடலுக்கு நாலு தெரு தள்ளி, மேலும் கீழுமாகப் பிரித்த ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில். கரண்ட் பில் இப்படி எகிறியது இங்கே குடிவந்த முதல் குளிர்காலத்திலிருந்துதான். லோர்னா அதிகாலையிலேயே பேக்கரிக்குப் போய்விடுவாள். நெவிலுக்கு வேலை இல்லை. இருபத்தாறு வருடம் நகராட்சிக்காக ரோடு உடைக்கும் டிரில்லைப் பிடித்திருந்தவன். அந்த அதிர்வு விரல்களுக்குள் புகுந்து தங்கிவிட்டது. குளிர் பட்டால் விரல்கள் மெழுகுவர்த்தி போல வெளுத்து, உணர்ச்சியற்றுப் போகும். அப்படிப்பட்டவன் பகலெல்லாம் தனியாக இருக்கும் வீட்டில் ஒரு ஃபேன் ஹீட்டர் இருந்தது. பில் எகிறுகிறது. கூட்டிப் பார்க்க மேதை தேவையா என்ன?

முதல் முறை கேட்டபோது அவன் சிரித்தான். "நான் போடவே இல்ல, லோர்னா. சத்தியமா." இரண்டாவது முறை சிரிக்கவில்லை. மூன்றாவது முறை அவள் சொல்லாமல் கொள்ளாமல் பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்து, நேராகப் போய் ஹீட்டரின் கம்பிவலை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கேட் திறக்கும் சத்தம் கேட்டு அணைத்திருப்பான் என்று நினைத்தாள். அணைத்த ஹீட்டர் அரை நிமிடத்தில் சில்லிட்டுப் போகாது என்பது அடுப்படியிலேயே வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சந்தேகத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை.

நான்காவது முறை, ஒரு பிப்ரவரி மாதம், பில்லை அவன் முகத்துக்கு நேரே நீட்டியபோது, "ஆமா. நான்தான் போடுறேன்" என்றான்.

அன்று அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஹீட்டரைக் காரில் போட்டு அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து கொத்துக்கறி வேகவைத்து, மாவுருண்டை போட்டு, அவன் தட்டில் இரண்டு கரண்டி கூடவே வைத்தாள். தப்பை ஒத்துக்கொண்டவனிடம் தாராளமாக இருப்பது ஒரு தனி சுகம். அதை அவள் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஹீட்டர் போன பிறகும் பில் இறங்கவில்லை. வேறு ஹீட்டர் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறான் என்று கட்டிலுக்கடியிலும் குளியல்தொட்டிப் பலகைக்குப் பின்னாலும் தேடினாள். கிடைக்கவில்லை. கெட்டிலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்டு ஆவியில் கை காட்டுகிறானோ என்று, அவனுக்கு வேண்டிய டீயை ஃப்ளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். பகலில் பெரிய விளக்கைப் போடக் கூடாது என்றாள். கேஸில் ஓடும் சுவர் ரேடியேட்டர்களையும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஓடும்படி பூட்டிவைத்தாள். எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டினான்.

மாடி வீட்டு ஃபெர்கஸ் போன வாரம் படியில் அவளை நிறுத்தி, "நீங்க விலைய ஒப்பிட்டுப் பாக்குறதே இல்லையா லோர்னா? ஒரே கம்பெனிய கட்டிக்கிட்டு அழாதீங்க" என்றான். "எனக்கெல்லாம் கரண்டு பில்லு ரெண்டு பீர் காசுதான் வருது. வருஷா வருஷம் மாத்திடுவேன். அதுக்கு மூளை வேணும், என்ன பண்றது." சிரித்துக்கொண்டே, கம்பெனிகளை ஒப்பிட்டுச் சொல்லும் ஒரு சேவையின் எண்ணையும் கொடுத்தான். அந்த எண்ணுக்குத்தான் இப்போது லோர்னா ஃபோன் போட்டாள்.

எடுத்தது ஓர் இளம்பெண். போன வருடம் எத்தனை யூனிட் கேஸ், எத்தனை யூனிட் கரண்ட் என்று கேட்டாள். லோர்னா படித்துச் சொன்னாள்.

"இது உத்தேசக் கணக்கா, மிஸஸ் ஹெப்பிள்?"

"உத்தேசமா? மாசம் பொறந்தா மொத நாளு நானே மீட்டரப் பாத்து எழுதிக் குடுக்குறேன். மூணு வருஷத்துல ஒரு மாசம் தவறல."

"வீட்ல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. ஒரே ஒரு படுக்கையறை."

"தப்பா நெனைக்காதீங்க. கேஸ் கணக்கப் பாத்தா அந்த வீட்ல பாதி நாள் ஆளே இல்லாத மாதிரி இருக்கு. கரண்டு கணக்கப் பாத்தா அஞ்சு பேர் குடும்பம் மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே வீட்டுக் கணக்குன்னு நம்ப முடியல."

"நம்புங்க. என் புருஷன் அப்படி" என்றாள் லோர்னா, நெவிலுக்குக் கேட்கட்டும் என்று.

"ஒரு சின்ன வேலை செய்றீங்களா? வீட்டு மெயின் சுவிட்ச அணைச்சிட்டு, மீட்டர் ஓடுதான்னு பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

லோர்னா அணைத்தாள். ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. ஃபோனும் கையுமாக, இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைவழிக்குப் போய், மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மீட்டர்கள். ஒன்றன் மேல் யாரோ எப்போதோ தடித்த பேனாவால் "கீழ்" என்றும், மற்றதில் "மேல்" என்றும் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் அவள் மண்டியிட்டுப் படித்தது "கீழ்" என்ற மீட்டரை. கரண்ட் ஓடுவதைக் காட்டும் அதன் சிவப்புப் பொட்டு படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"மேல்" மீட்டர் செத்துக் கிடந்தது.

"மிஸஸ் ஹெப்பிள்? நின்னுடுச்சா?"

"எங்களது ஓடுது. மேல் வீட்டுதுதான் நின்னுடுச்சு" என்றாள். உள்ளே போய் மெயினைப் போட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது "மேல்" மீட்டரின் பொட்டு, தூக்கத்திலிருந்து எழுந்தது போல, ஒரு முறை மின்னியது. நிறைய நேரம் கழித்து இன்னொரு முறை. அதுதான் அவர்கள் வீடு. ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சின்ன விளக்கு, தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன். அவ்வளவுதான் ஓடியது.

"மாத்தி இணைச்சிருக்காங்க" என்றாள் அந்தப் பெண். "நீங்க இத்தன நாளும் மாடி வீட்டு கரண்டுக்குக் கட்டியிருக்கீங்க. இத சரிபண்ணாம நான் உங்கள எந்தக் கம்பெனிக்கும் மாத்த முடியாது. இப்ப இருக்குற கம்பெனிக்கு உடனே புகார் குடுங்க."

லோர்னா இரண்டிரண்டு படியாக ஏறி மாடிக் கதவைத் தட்டினாள். ஃபெர்கஸ் அரைக்கைச் சட்டையோடு திறந்தான். நவம்பர் மாதத்தில் அரைக்கை. உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் அடித்தது. சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் எரியும் சூட்டு விளக்கு. விளக்குக்குக் கீழே ஒரு கல்லின் மேல் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று கண்ணை மூடிக்கொண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"அந்தப் பல்லிங்களுக்கு எத்தன விளக்கு?"

"பல்லி இல்ல லோர்னா, பாலைவன ஓணான். பதினாலு விளக்கு. ஏன்?"

அவள் சொன்னாள். அவன் முகத்திலிருந்த கெட்டிக்காரத்தனம் கரைந்து போவதைப் பார்த்தாள்.

"அப்போ நான்... எல்லாத்தையும் திருப்பிக் கட்டணுமா?"

"பதினாலு விளக்க ஏத்தி வெச்சிட்டு ரெண்டு பீர் காசு வந்தப்போ ஒனக்கு ஒண்ணுமே தோணலையா? மூளை வேணும்னு சொன்னியே, அது எங்க போச்சு?"

"நல்ல கம்பெனிய புடிச்சிட்டேன்னு நெனச்சேன்" என்றான் ஃபெர்கஸ், சிறுவன் போல.

நினைத்திருப்பான். அதுதான் கொடுமை. கத்திக் கத்தித் தொண்டையைக் காயவைக்கத் தயாராக வந்தவளுக்கு, இந்தக் கோபம் இவனுக்குப் பொருந்தவில்லை என்பது தெரிந்தது. இவனும் தனக்கு வசதியானதை நம்பினான். அவளும் அதைத்தானே செய்தாள்? இவன் நம்பியதால் யாரும் குளிரில் உட்காரவில்லை. படி இறங்கும்போது கோபம் குறையவில்லை. யார் மேல் என்பதுதான் தெளிந்துகொண்டே வந்தது. அதைத் தாங்க முடியாமல் அவள் வேறு ஆளைத் தேடினாள்.

நெவில் நடைவழியில், திறந்து கிடந்த அலமாரிக்கு முன்னால் நின்று இரண்டு பொட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் ஒத்துக்கிட்ட?" என்றாள்.

அவன் திரும்பவில்லை.

"நெவில், ஒன்னத்தான் கேக்குறேன். போடாத ஹீட்டர போட்டேன்னு ஏன் சொன்ன? நீ மட்டும் இல்லன்னு நின்னிருந்தா அன்னைக்கே யாரையாவது கூட்டிட்டு வந்து பாத்திருப்பேன்."

"நின்னேனே" என்றான் அவன். "மூணு தடவ நின்னேன்."

"நாலாவது தடவையும் நின்னிருக்கணும்."

அப்போதுதான் அவன் திரும்பினான். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபத்தைப் பல நாள் மடித்து மடித்து வைத்து, இனி விரிக்க முடியாதபடி ஆகிவிட்ட ஒன்று.

"இல்லன்னு சொல்லிட்டிருந்த வரைக்கும் நீ எங்கிட்ட பேசல, லோர்னா. வருவ, பில்லப் பாப்ப, தூங்கப் போவ. ஆமான்னு சொன்ன அன்னைக்கு எனக்கு சோறு போட்டு, பக்கத்துல உக்காந்து, என் கையப் புடிச்சுத் தேச்சு விட்ட. இந்த வீட்ல எனக்குக் கெடச்ச சூடு அது ஒண்ணுதான். அதுக்காக சொன்னேன்."

அலமாரியை மூடிவிட்டு, "ஆனா ஹீட்டரையும் தூக்கிட்டுப் போயிட்ட. அது எனக்குத் தோணல. நான் முட்டாள்" என்றான்.

உள்ளே போய்ச் சோபாவில் பழைய இடத்தில் உட்கார்ந்தான். லோர்னா அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டான். வெடுக்கென்று இழுக்கவில்லை. மெதுவாகத்தான் எடுத்துக்கொண்டான்.

அவள் மேசை முன் உட்கார்ந்து, பில்லில் இருந்த கம்பெனி எண்ணை அழுத்தினாள். எங்கள் எல்லா ஊழியர்களும் வேறு வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று இருபத்தைந்து நிமிடம் ஒரு குரல் சொன்னது. பிறகு ஓர் ஆண் லைனில் வந்தான். பேச்சு பதிவு செய்யப்படுகிறது, புகாரோடு இணைக்கப்படும் என்றான். மீட்டர்களின் எண்களைக் கேட்டான். மெயினை அணைத்துப் பார்த்ததை எழுதிக்கொண்டான்.

"இந்த மூணு வருஷத்துல கரண்டு உபயோகம் சரியில்லன்னு வீட்ல யாராவது சந்தேகப்பட்டாங்களா, மிஸஸ் ஹெப்பிள்? எங்க கிட்ட சொல்லாட்டியும் பரவால்ல. இருந்தா பதிஞ்சுக்கிறேன்."

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த ஆளுக்கு என்ன தெரியும்? லோர்னா சோபாவைப் பார்த்தாள். நெவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் காது இங்கேதான் இருந்தது.

"என் வீட்டுக்காரர் சொன்னார்" என்றாள். "அவரு எதையும் போடவே இல்லன்னு ஆரம்பத்துலேந்து சொன்னார். நான் நம்பல."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "மொதல்ல எப்போ சொன்னார்னு ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகமில்லை. அவளுடைய மாதாந்திர எண்கள் எல்லாம் நோட்டில் இருந்தன. அவன் சொன்ன எதுவும் இல்லை. ஃபோனைக் கையால் மூடிக்கொண்டாள். "நெவில், எப்போ மொதல்ல சொன்ன?"

"நவம்பர் பத்தொம்போது" என்றான் அவன் ஜன்னலைப் பார்த்தபடியே. "வியாழக்கிழமை. அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மொத நாளு. அப்புறம் நீ ஹீட்டரத் தொட்டுப் பாத்த அன்னைக்கு."

அவள் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எழுதிக்கொண்டவன், "வேற ஏதாவது சேக்கணுமா?" என்றான்.

"நீ நம்பலன்னும் எழுதிப் போட்டுட்டானான்னு கேளு" என்றான் நெவில்.

லோர்னா கேட்டாள். அந்த ஆள், அது புகாருக்குத் தேவைப்படாது என்றான்.

"தேவைப்படும்" என்றாள் லோர்னா. "போடுங்க. நான் லைன்ல இருக்கேன்."