தகுதியில்லை என்று சொல்லும் தகுதி

1

இந்தக் கதை என்னுடையதில்லை. புலம்பெயர்ந்து வந்து நான் வாழும் டூங்கபியில் பக்கத்துத் தெருவில் இருக்கும் சிவாஜினி, என் வீட்டுக் குசினிக் கதிரையில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்து சொன்னது. "எழுதுங்கோ அக்கா. ஆனா கதையிலை என்னை அழ வைக்காதேங்கோ" என்றாள். அவள் அழவில்லை. களைத்திருந்தாள்.

2

முதல் தொடக்கம்: "1789ஆம் ஆண்டு, நியூயோர்க்கில், கூட்டத்தின் முன்னால் ஒரு மனிதர்..." [அடித்துவிட்டேன். எனக்கு அந்த ஊரே தெரியாது.]

இரண்டாவது: சிவாஜினி பல்கலைக்கழகம் ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர். அமெரிக்காவின் ஆரம்பகால ஜனாதிபதிகளின் கடிதங்களையும் உரைகளையும் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவள். [இப்படியே இருக்கட்டும். அழகாகத் தொடங்க எனக்கும் தெம்பில்லை.]

முதல் ஜனாதிபதி வாஷிங்டன் பதவியேற்பு உரையிலேயே தன் குறைகளைச் சொன்னார். இந்தப் பணி என் திறமைக்கு மேற்பட்டது என்றார் மூன்றாவதாக வந்த ஜெபர்சன். அந்தப் பணிவைத்தான் அவள் வருடக்கணக்காக வாசித்தாள்.

3

நிரந்தர வேலைக்கு நேர்முகம் வந்தது. காலையிலிருந்து வகுப்பெடுத்த கையோடு போனாள். "நீங்கள் ஏன் இதற்குப் பொருத்தமானவர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

"பொருத்தமா என்று எனக்கே நிச்சயமில்லை" என்றாள்.

[இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம். படித்த உரைகள் வாயில் வந்தனவா, உண்மையே அதுதானா? கேட்டேன். "ரெண்டும் இல்லை அக்கா. என்னை நானே பெருமையாப் புளுகக் களைப்பா இருந்தது."]

வீட்டில் கணவன் இந்திரகுமார் தலையில் கை வைத்தான். "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீர்?"

"வாஷிங்டனும் சொன்னவர்தானே."

"அவர் வேலை கிடைச்ச பிறகெல்லோ சொன்னவர்!"

அவளுடைய ஆய்வின் முடிவும் அதுதான். அவன் அதை வாசித்ததே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்ததாம்.

4

வேலை இன்னொருவருக்குப் போனது. அடுத்த பருவத்துக்கும் தற்காலிகமாகவே வர முடியுமா என்று அவளுக்கு ஈமெயில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

முடிவு ஒன்று: சம்மதிக்கிறாள். அந்தக் காலக் கடிதங்களைப் போல "தங்கள் தாழ்மையுள்ள ஊழியர்" என்று கையெழுத்திடுகிறாள். [கசப்பு கூடிவிட்டது.]

முடிவு இரண்டு: விலகுகிறாள். பதவியை விட்டு வாஷிங்டன் தன் பண்ணைக்குத் திரும்பியது போல அவளும்... [அவளுக்குப் பண்ணை இல்லை. இருப்பது வாடகை வீடு.]

அவள் மறுபடி வந்தபோது இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள், பையைத் தோளில் மாட்டியபடி.

"உண்மையிலை என்ன எழுதப் போறீர்?"

"தெரியேல்லை அக்கா. வகுப்புக்கு நேரமாச்சு. போட்டு வாறன்."

போய்விட்டாள். இதற்கு மேல் அவளைத் தள்ள எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை எப்படியும் வரும். அவள் ஏதாவது எழுதத்தான் வேண்டும். உங்களுக்கு ஒரு வரி தோன்றினால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.

பணிவாக மட்டும் வேண்டாம்.