அரைக் கட்டை

என் வீட்டுக்காரர் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். கதவு கிறீச்சிட்டால்கூட அது என்ன ஸ்வரம் என்று சொல்லித் தொலைப்பார். வலிப்புக்கு முதலில் கொடுத்த இரண்டு மாத்திரைகளும் கேட்கவில்லை. மூன்றாவதுதான் கேட்டது, அதன்பிறகு ஒருமுறைகூட விழவில்லை. ஆனால் அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து உலகமே அரைக் கட்டை இறங்கிக் கேட்கிறது என்றார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. "சில பேருக்கு இந்த மாத்திரையால அப்படி ஆகும். வேற மாத்திப் பாக்கலாம், ஆனா மெதுவாத்தான். நீங்களா நிறுத்திடாதீங்க, வலிப்பு திரும்ப வந்துடும்" என்றார்.

வேலையை, சுருதியை முள்ளால் காட்டும் கருவியை வைத்துச் சமாளித்துக்கொண்டார். என்னைத்தான் சமாளிக்க முடியவில்லை. நான் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல மரியாதையாகப் பதில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சண்டைக்குக்கூட ஆள் சிக்கவில்லை.

நேற்றுக் காலை தலையணை உறையை உதறினேன். மாத்திரைகள் உருண்டன.

"என்னங்க இது? உயிரோட விளையாடுறீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். "ரெண்டு நாளாத்தான் போடல. உன் பழைய குரலை ஒரு தடவை கேட்டுட்டா போதும். அப்புறம் ஒழுங்காப் போட்டுக்கறேன்."

"கேட்டுச்சா?"

"இன்னும் இல்ல."

திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எனக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். நானும்தான் ஏங்கினேன், பழையபடி அவர் காதில் விழ வேண்டும் என்று.

கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பியானோ முன்னால் உட்கார வைத்தேன்.

"நான் 'என்னங்க'ன்னு கூப்பிட்டா எந்தக் கட்டையில இருக்கும்?"

யோசிக்காமல் ஒரு வெள்ளைக் கட்டையைத் தொட்டார். நான் அதற்கு மேலே ஒட்டியிருந்த, அரைக் கட்டை கூடிய கறுப்பை அழுத்தினேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, தொண்டையை இழுத்து, "என்னங்க" என்றேன். என் காதுக்குப் பூனை வாலை மிதித்த மாதிரி இருந்தது. விடாமல் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கடி போயிருந்த இவ்வளவு நாளா?"

இங்கேயேதான் இருந்தேன் என்று சொல்ல வாய் துடித்தது. என் குரலில் சொன்னால் மறுபடியும் போய்விடுவேன். பேசாமல் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினேன்.