கடைசி வீட்டுக் குழாய்

குழாயைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று வந்தது. அவ்வளவுதான். இளம் பொறியாளர் இன்னும் அழுத்தித் திருகினார். குழாய் ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு அடங்கிப்போனது.

"நேத்து வந்துச்சு மேடம். சத்தியமா வந்துச்சு." அந்த இளைஞரின் முகம் வேர்த்துக் கொட்டியது.

மேடம் என்று அழைக்கப்பட்டவள் குனிந்து குழாயின் வாய்க்குள் பார்த்தாள். வெளிநாடுகளின் வளர்ச்சித் திட்டங்களுக்கு நிதி கொடுக்கும் அரசு நிறுவனம் ஒன்றில் அவள் அதிகாரி. இந்த மலைச்சரிவு ஊரின் குடிநீர்த் திட்டம் சில வருஷங்களாக அவள் பொறுப்பில் இருந்தது. பணத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். தொட்டி கட்டினால் ஒரு தவணை, குழாய் பதித்தால் அடுத்தது. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் அவள் கேள்வி கேட்பாள். ஏன் இந்த அளவுக் குழாய், பழுதானால் யார் பார்ப்பது, மோட்டாருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது? அவள் நாட்டில் அவளுடைய அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். அவனைப் போன்றவர்கள் கட்டிய வரிப்பணம்தானே இது. இங்கே திட்ட அலுவலகத்தில் தனக்குக் 'கேள்வியம்மா' என்று பெயர் வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும்.

கடைசித் தவணைக்கு ஒரே நிபந்தனைதான்: உச்சித் தெருவின் கடைசி வீட்டில் தண்ணீர் வர வேண்டும். நிதியாண்டு இந்த வாரத்தோடு முடிகிறது. அதற்குள் அவள் கையெழுத்துப் போடாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். குழாய் பதித்த ஆட்கள் கூலிக்கு அலைய வேண்டியதுதான்.

அந்த வீட்டுத் தையல்காரி, கழுத்தில் அளவு நாடா தொங்க, இடுப்பில் கைவைத்து நின்றாள். "நான் அப்பவே சொன்னேன். மேட்டுக்குத் தண்ணி ஏறுமாக்கும்! என் முட்டிதான் ஏறணும், குடத்தோட."

பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கோப்பைத் திறந்து, அப்படியே மூடினாள். வராத தண்ணீரை வந்ததாக எழுத முடியாது. எழுதாமல் இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பவும் முடியாது.

"வாங்க, குழாயோடவே கீழ இறங்கிப் பாப்போம்," என்றாள்.

இரண்டாவது வளைவிலேயே தெருவில் தண்ணீர் ஓடியது. உடைப்பு என்று நினைத்துப் பொறியாளர் ஓடினார். உடைப்பு இல்லை. ஒரு வீட்டு வாசலில் குழாய் முழுசாகத் திறந்து கிடந்தது. நிரம்பி வழியும் அண்டாவுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டிலும். சரிவு முழுக்க ஒரு வீடு பாக்கியில்லாமல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்குண்ணே எல்லாரும் திறந்து வச்சிருக்கீங்க?"

"தண்ணி வருதான்னு பாக்க மேடம் வர்றாங்கல்ல. நம்ம வீட்டுல வரலைன்னு எழுதிட்டா? நம்மால திட்டத்துக்குக் கெட்ட பேரு வரக்கூடாது தம்பி."

பொறியாளர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எனக்கு ஒரு கேள்வி," என்றாள் மூச்சு வாங்கியபடி. "தினமும் இப்படித்தான் ஊரே ஒண்ணா திறக்குமா?"

"தினமும் நீங்க வருவீங்களா மேடம்?"

அவளும் பொறியாளரும் ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். "அக்கா, கொஞ்சம் மூடுங்க!" "அண்ணே, அண்டா நிறைஞ்சது போதும்!" கூட்டங்களில் குரலே உயர்த்தாதவள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரத் தெருவில் கத்திக்கொண்டு போனாள். "மூடணுமா, திறக்கணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!" என்று ஒரு அம்மாள் அதட்டினாள். இன்னொரு வாசலில் தலை நிறையச் சோப்போடு ஒரு குழந்தை நின்று அழுதது. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அவள் விலக்குக் கொடுத்தாள். "இவனை முடிச்சுட்டு மூடுங்க."

சலசலப்பு மெல்ல அடங்கியது. மூடிய குழாயில் கைவைத்தபடி எல்லோரும் மேட்டைப் பார்த்து நின்றார்கள்.

மேலே தையல்காரி ஒரு அலறல் அலறினாள். பிறகு சுவருக்கு மேல் தலை தெரிந்தது. முகம், முடி, நாடா எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. "யாரு இவ்ளோ வேகமா விட்டது?" என்று கத்தினாள். திட்டத் தொடங்கிய வாய் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. சரிவு முழுக்கக் கைதட்டல் ஏறியது.

அவர்கள் மறுபடி ஏறத் தொடங்கினார்கள். கீழே யாரோ பொறுக்கமாட்டாமல் ஒரு குழாயைத் திறந்துவிட்டார்கள். அதைப் பார்த்து இன்னொருவர். மேலே தண்ணீர் மெலிந்து ஒரு விரல் பருமனுக்கு வந்தது, ஆனால் நிற்கவில்லை. தையல்காரி அதன் கீழே குடத்தை வைத்துவிட்டு, நனைந்த முகத்தைத் துடைக்காமல், உள்ளே நீர் ஏறும் சத்தத்தைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.