இழைக்கு ஐந்நூறு குண்டு

அமெரிக்காவையும் ருஷ்யாவையும் தட்டிக் கேட்க ஆரணியில் ஆள் இல்லாத குறையை, 1983 டிசம்பரில் இருதயசாமி தீர்த்துவைக்கப் புறப்பட்டார். பட்டுப்புடவைக்குப் பார்டர் டிசைன் வரைகிறவர். சொந்த வீட்டில் ஒரு டம்ளர் காபிக்கு மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். அது வேறு விஷயம்.

மாதாகோயில் மண்டபத்தில் சமாதானக் கூட்டம். பேச்சாளர் அவர்தான். பத்திரிகைகளில் பொறுக்கிய கணக்கை வைத்து, டிசைன் போடும் கட்டத்தாளிலேயே இரண்டு நாட்டு அணுகுண்டுகளையும் வரைந்திருந்தார். கட்டத்துக்கு ஐந்நூறு குண்டு. நீலக் கோடாக அமெரிக்கா விறுவிறுவென்று ஏறும். பின்னால் புறப்பட்ட சிவப்பு ருஷ்யா கடைசியில் அதைத் தாண்டும். வரைந்து முடித்த அன்று அவருக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. படம் நன்றாக வந்திருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையும் வந்தது, மறைப்பானேன்.

அந்தத் தாள் காணாமல் போனது.

"நீதான் அடுப்பு பத்த வெச்சிருப்ப" என்று மனைவி பாக்கியமேரியிடம் எரிந்து விழுந்தார்.

"ஆமா, உங்க குண்ட வெச்சித்தான் சோறாக்கிகினு கீறேன்" என்றாள் அவள்.

அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது. ஜெனீவாவில் அந்த இரண்டு நாடுகளும் நடத்திய ஆயுதக் குறைப்புப் பேச்சுக்கும் அப்போது அதே நிலைமைதான்.

கூட்டத்தன்று வெறுங்கையோடு மேடை ஏறினார். முன்வரிசையில் பாக்கியமேரி, கிறிஸ்துமஸுக்குத் தறி முதலாளி கொடுத்த புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். புது டிசைனில் நெய்த முதல் புடவையாம். பார்டரில் நீலம் ஏறியது. சிவப்பு அதைத் தாண்டியது.

டிசைனைப் பார்த்துத் தறி அட்டையில் ஓட்டை அடிப்பவர் துரைக்கண்ணு; அந்த ஓட்டைப்படிதான் தறி நெய்யும். மாங்காய் பார்டர் என்று சொல்லி அவரிடம் தாமே நீட்டிய தாள் எது என்று இருதயசாமிக்கு இப்போதுதான் புரிந்தது. துரைக்கண்ணு ஒரு கட்டம்கூடத் தவறவிடாமல் அடித்திருந்தார்.

மானம் போனாலும் பேச்சு போகக்கூடாது.

"மேரி, கொஞ்சம் எழுந்து நில்லு. எல்லாரும் இந்தப் பொடவையப் பாருங்க. ஒரு இழைக்கு ஐந்நூறு குண்டு!"

மண்டபமே சிரித்தது. பாக்கியமேரியின் முகம் சிவந்தது. இருந்தாலும் பார்டரைத் தூக்கிப் பிடித்து, கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஒரு சாண் தாண்டியதும் விரல் நின்றது.

"இன்னாங்க, இங்க ரெண்டும் சடக்குனு ஒண்ணுமில்லாம ஆயிடுதே. குண்டெல்லாம் போட்டுட்டாங்களா?"

வேண்டாமென்று கீழே போட்டுவிட்டார்களா, ஊர் தலைமேல் போட்டுவிட்டார்களா? டிசைன் முடிந்து திரும்ப ஆரம்பிக்கிற இடம் அது. இருபது வருடமாகப் பார்டர் வரைகிறவர், முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் மேடையிலிருந்து குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

கடைசி பெஞ்சிலிருந்து துரைக்கண்ணு எழுந்தார். "அங்க அட்டை தீந்துபோச்சுங்க."

இருதயசாமி மேடையை விட்டு இறங்கி மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் இன்னும் அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"இந்த எடத்துல கிழிஞ்சிடாதில்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல, மேரி" என்றார்.