சுவரில் ஒட்டிய கண்ணாடி

கொத்தனார் விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டொன்றை வைத்து, இரு முனைகளிலும் சிமென்ட் பூசினார். ஈரம் காயுமுன் பூச்சுக் கரண்டியின் நுனியால் அன்றைய தேதியைக் கீறினார். எட்டு என்ற எண் அவர் கையில் கோணிக்கொண்டு ஏறக்குறையப் படுத்தே விட்டது.

"என்ன கொத்தனாரே, சுவருக்குப் பிளாஸ்திரியா?" காலர் அக்கா சிரிக்கப் பார்த்தாள்.

"பிளாஸ்திரி இல்லக்கா, காவக்காரன். சுவர் அசையலைன்னா இது இப்படியே இருக்கும். உடைஞ்சா அஸ்திவாரம் இறங்குதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு நாள்கூட இங்க ஆளை வெச்சிருக்காதீங்க."

"இறங்கினா சரி பண்ண எவ்வளவு ஆகும்?"

அவர் சொன்ன தொகை, வீட்டை வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு.

பக்கத்து மனையில் இயந்திரம் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மாடி வரப்போகிறதாம். காலர் அக்கா அங்கே போய்க் கேட்டதற்கு, தலைக்கவசம் போட்ட மேற்பார்வையாளர், "எங்க எல்லைக்குள்ளதானே தோண்டுறோம்? உங்க வீடு பழசும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

காலர் அக்கா என்பது, தையல் ஆலையில் இருபத்திரண்டு வருடமாகச் சட்டைக்குக் காலர் மட்டுமே தைத்ததால் வந்த பெயர். அந்தச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்ந்து வாங்கிய ஒரே வீடு இது. அவளும் கணவனும் இன்னும் ஒற்றை அறையில் வாடகைக்குத்தான் இருந்தார்கள். இங்கே வருகிற வாடகை அப்படியே தவணைக்குப் போனது. குறைவதைச் சம்பளத்திலிருந்து போட்டாள். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் என்று தொடங்குகிற நினைப்பை அவள் ஒருநாளும் முடித்ததில்லை.

ஆலையில் யாருடைய ஊசியாவது 'டக்'கென்று முறிந்தால், கண்ணாடிதான் உடைந்தது போல அவள் தையலை நிறுத்தினாள். விரிசலைப் பற்றிக் கணவனிடம் சொல்லவில்லை. எதற்குத்தான் இவ்வளவு பயம், சுவர் விழுவதற்கா, வீடு காலியாவதற்கா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். முதலில் வந்த பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

தினமும் வேலை முடிந்ததும் நேரே அந்த வீட்டுக்குப் போனாள். குடியிருந்தவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். வேறு துணையில்லை.

"என்னக்கா, என்னைப் பாக்க வர்றீங்களா, சுவரைப் பாக்க வர்றீங்களா?"

"ரெண்டையும்தான்டி."

"என்னைப் பொண்ணு பாக்கக்கூட யாரும் இத்தனை தடவை வந்ததில்ல!"

பதினோராம் நாள் கண்ணாடி முழுசாகத்தான் இருந்தது. காலர் அக்கா மூச்சு விட்டாள். அப்புறம்தான் தேதியைப் பார்த்தாள். எட்டு நேராக நிமிர்ந்து நின்றது. கொண்டை ஊசியால் எழுதியது போல் மெல்லிய கீறல். சிமென்டைத் தொட்டாள். இன்னும் ஈரம் காயாமல் ஜில்லென்றிருந்தது.

திரும்பினாள். எப்போதும் அந்தச் சுவரோரம் கிடக்கும் கட்டில் வாசல் பக்கம் போயிருந்தது.

"காத்து வரட்டும்னு நகர்த்தினேன்க்கா." இஸ்திரிக்காரியின் நகக்கண்களில் சாம்பல் நிறப் பொடி அப்பியிருந்தது. "கண்ணாடி நல்லாத்தானே இருக்கு? காலி பண்ண வேண்டாம்லக்கா? இந்த வாடகைக்கு நான் வேற எங்க போவேன்?"

காலர் அக்கா ஈரச் சிமென்ட் ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தவணைக்கு இன்னும் நாலு நாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் காலர் அக்கா.

இஸ்திரிக்காரி அவசரமாக அலமாரியைத் திறந்து, இரண்டு நாள் முன்னதாகவே வாடகையை எடுத்து நீட்டினாள். அதை வாங்குவதற்குக் காலர் அக்கா சுவரை விட்டு விலகி, கட்டிலருகே வந்து நின்றாள்.

குழந்தை உதைத்த பந்து உருண்டு போய்ச் சுவரடியில் நின்றது. அதை எடுக்கக் குழந்தை ஓடியது.

"அங்க போகாதே!"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். குழந்தை பாதியில் நின்று, இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வெளியே இயந்திரம் மறுபடி உறுமத் தொடங்கியது. பந்து கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. அதை எடுக்க யாரும் போகவில்லை.