பச்சைக் கோட்டின் மறுமுனை

...ஐந்தரைக்கு எழும்பினேன், பல் தீட்டினேன், தொழுதேன், குசினியில் கேத்திலை வைத்தேன், ஒரு கோப்பைக்குத்தான் வேண்டும், ஏழு மாதமாக ஒரு கோப்பைதான், கை இன்னும் இரண்டு கோப்பைக்குத் தண்ணீர் பிடிக்கிறது, மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றினேன், பாண் இரண்டு துண்டு, சீனிச்சம்பல், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன், வெளியே வந்து மோட்டார் சைக்கிளைத் துடைத்தேன், உப்புக் காற்று, ஒரு இரவில் கண்ணாடியில் படை படிந்துவிடுகிறது, சில்லு வரைக்கும் துடைத்து முடித்த பிறகுதான் இன்று சனிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது, முந்தலுக்குப் போக வேண்டியதில்லை, இறால் பண்ணையில் தண்ணீர் சோதிக்க இன்று வேறு ஆள். இன்று ஸபீனா வருகிறாள், பத்து மணிக்கு. என் மனைவி றிஷ்னாவின் தங்கை. கம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டிருக்கிறாள், ராத்தாவின் லப்டொப்பைத் தாங்க மச்சான் என்று கேட்டாள், அக்காவை அவள் ராத்தா என்பாள், ஓம் என்றேன், வேறென்ன சொல்வது. கூட்டாளி ஒருத்தி உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிது மாதிரி ஆக்கித் தருவாளாம். எல்லாவற்றையும். ஏழு மாதமாக அது அலுமாரிக்குள் இருந்தது, கடவுச்சொல் எனக்குத் தெரியும், ஒருநாளும் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை, துக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள், நானும் அப்படியே விட்டேன்... துக்கம் இல்லை. உள்ளே ஒரு பெயர் இருக்கும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இன்று பத்து மணிக்குப் பிறகு அந்தப் பெயரும் இருக்காது, பார்ப்பதென்றால் இப்போது பார்க்க வேண்டும், இல்லையென்றால் சாகும்வரை பார்க்காமல் இருக்க வேண்டும், அலுமாரியைத் திறந்தேன், மேசையில் வைத்தேன், சார்ஜரைச் செருகினேன்.

பக்கத்து வளவு லெய்லா மாமிதான் இந்தச் சந்தேகத்தைத் தொடக்கிவைத்தவர். றிஷ்னாவை அடக்கி மூன்றாம் நாள், சனம் குறைந்த நேரம் பார்த்து வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “மகன், ஒண்டு சொல்லணும், மனசில வெச்சிக்கிடாதீங்க,” என்றார், மனதில் வைக்க வேண்டாம் என்று சொல்லித் தருவதை வேறெங்கே வைப்பது, “அண்டைக்குக் காலத்தால நான் வேலியோரம் முருங்கக்காய் ஆய்ஞ்சிக்கிட்டு நிண்டன், ஒம்பது மணி இரிக்கும், புள்ள குசினிக்குள்ள போன்ல கதைச்சிக்கிட்டிரிந்திச்சி, நானா எண்டு சொன்னது மட்டும் கேட்டிச்சி, பிறகு சத்தமில்ல, பதினொரு மணிக்கு நான் எட்டிப் பாக்கக்குள்ளதான் நிலத்தில கிடந்திச்சி.” மூளைக்குள் நரம்பு வெடித்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில், அதில் சந்தேகம் இல்லை, சந்தேகம் அதற்கு முந்திய சொல்லில். நானா. எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரன் நானா, ஊரில் தன்னைவிட மூத்த எந்த ஆணும் நானா, மீன்கார நானா, ஓட்டோ நானா, றீலோட் போடுகிற நானா. றிஷ்னாதான் அவள் வீட்டில் மூத்தவள், கூடப் பிறந்த நானா கிடையாது, அவளுடைய உம்மா மன்னாரிலிருந்து வந்தவர், அவர்கள் வீட்டில் அண்ணனுக்குக் காக்கா என்றுதான் சொல்வார்கள், நானா என்பது அவள் இங்கே பழகிய சொல், அப்படியென்றால் இங்கே பழகிய ஆள். அவளுடைய போனைப் பார்த்தேன், அன்று காலையில் ஒரே ஒரு அழைப்பு, ஒன்பது பன்னிரண்டுக்கு, எனக்கு, நாற்பத்தொரு செக்கன். வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லாததுதான் உறுத்தியது, அழித்திருப்பாள், என்னோடு கதைத்து முடித்துவிட்டு அவனோடு கதைத்திருப்பாள்... என்னிடம் கடைசியாக அவள் சொன்னது ‘சரி’. டொக்டரிடம் அப்படித்தான் சொன்னேன், மாமனாரிடமும், ஜனாஸா அடக்கத்துக்கு வந்த எல்லோரிடமும், கடைசியாகச் சரி என்று சொன்னாள், அமைதியாகத்தான் இருந்தாள். எனக்குச் சரி, அவனுக்கு நானா.

லப்டொப்பில் அவள் கடைசியாக விளையாடிய கேம் திறந்தது. ரொக்கட் கட்டி விண்வெளிக்கு அனுப்புகிற கேம், நான்தான் பழக்கினேன், கலியாணம் முடித்த முதல் மாரியில், மழை விடாமல் பெய்த ஒரு கிழமை, ஒரு கதிரையில் இரண்டு பேரும் நெருக்கி உட்கார்ந்து, அவளுடைய ரொக்கட் ஏவுமேடையிலேயே சரிந்து வெடிக்கும், அவள் சிரிப்பாள், பிறகு அவள் சிரிக்காமல் விளையாடத் தொடங்கினாள், பிறகு என்னைவிடத் தூரம் போய்விட்டாள். ஆளில்லாத கலத்துக்கு நிலத்திலிருந்து சிக்னல் போக வேண்டும், கோளின் மறுபக்கம் போனால் சிக்னல் அறும், அறுந்தால் கலம் சொல் கேட்காது, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சும்மா கிடக்கும், ஆகவே மூன்று செய்மதிகளை ஒரே வட்டத்தில் சம தூரத்தில் விட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிக்னலைக் கைமாற்ற வேண்டும். நானும் செய்தேன் ஒருக்கால், மூன்றுக்கும் சுற்றும் நேரத்தில் நாலு செக்கன் வித்தியாசம் இருந்தது, நாலு செக்கன்தானே என்று விட்டேன், கேமுக்குள் காலம் போகப் போக மூன்றும் ஒரு பக்கத்தில் கூடி நின்றன, மற்றப் பக்கம் வெறும் இருட்டு. இவளுடையதைப் பார்க்கிறேன், மூன்றும் ஆறு மணித்தியாலம், பூச்சியம் நிமிடம், பூச்சியம் செக்கன். மூன்றும். இவ்வளவு துல்லியத்துக்கு எஞ்சினை மூச்சுவிடுகிற அளவுக்கு மட்டும் திறந்து மூட வேண்டும், எத்தனை பின்னேரம் பிடித்திருக்கும், நான் பண்ணையில் நின்ற பின்னேரங்கள், யார் சொல்லிக் கொடுத்தது... பெயர்களைப் பார்த்தேன். nana 1. nana 2. nana 3.

எதிர்பார்த்ததுதான். தேடிய பொருள் கிடைத்தால் ஒரு நிம்மதி வர வேண்டும், வரவில்லை, எழும்பி யன்னலைச் சாத்தினேன், ஏன் சாத்தினேன். ரிப்கான். புத்தளம் டவுனில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடை, கேமைப் போட்டுத் தந்ததே அவர்தான், என்னைவிட இரண்டு வயது மூப்பு, ஜனாஸாவன்று படலையோரம் நின்றார், கண் சிவந்திருந்தது, வாடிக்கைக்காரியின் மௌத்துக்கு யாராவது கண் சிவக்க நிற்பார்களா, அன்றே குறித்து வைத்திருந்தேன். போன் எடுத்தேன். ஸலாம் சொன்னார், சுகமா தம்பி என்றார், றிஷ்னா கடைக்கு வந்திருக்கிறாளா நானா என்று கேட்டேன், என் வாயாலேயே நானா என்றேன், வேறு எப்படிக் கூப்பிடுவது. “ரெண்டு தரம் வந்திரிக்கி தம்பி. ஒருக்காச் சார்ஜருக்கு. மத்தத் தரம் ஒரு விசர்க் கேள்விக்கு.” என்ன கேள்வி. “அந்த ரொக்கட் கேம்ல தமிழ் அடிச்சாப் பெட்டி பெட்டியா வருதாம், தமிழ் வரப்பண்ணித் தாங்க எண்டிச்சி. நான் சொன்னன், தங்கச்சி, ரொக்கட்டுக்கு இங்கிலீஷ் மட்டுந்தான் ஓதிக் குடுத்திரிக்கி, இங்கிலீஷ் எழுத்தில தமிழ அடிச்சிட்டுப் போங்க எண்டு. சிரிச்சிட்டுப் போயிட்டா.” வேறு ஒன்றும் கதைக்கவில்லையா. பின்னால் யாரோ அச்சடிக்கும் சத்தம். “ஏன் தம்பி?” சும்மா. “சும்மா கேக்கிற குரல் இல்லியே இது.” வைத்துவிட்டேன். ஒளிக்கிறவனின் பதில் போலவும் இருந்தது, ஒளிக்க ஒன்றும் இல்லாதவனின் பதில் போலவும் இருந்தது, ஏழு மாதமாக எல்லோருடைய பதிலும் எனக்கு இரண்டு மாதிரியாகவும்தான் கேட்கிறது.

ஸபீனா ஒன்பதரைக்கே வந்துவிட்டாள், கதவு திறந்துதான் இருந்தது. “என்ன மச்சான், யன்னலெல்லாம் சாத்தி, ஆம்பிளைக்கு இத்தா இல்ல, தெரியுந்தானே. தாடிய வழிச்சிட்டு வெளிய வாங்க.” பகிடிதான், கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் உள்ளே இருக்க வேண்டும், ஆணுக்கு அப்படி ஒன்றும் இல்லை, மறுநாளே பண்ணைக்குப் போகலாம், நான் போனேன். அவள் பையைக் கதிரையில் வைத்தாள், திரையைப் பார்த்தாள், “இன்னும் கேம்தானா.” நான் கேட்டுவிட்டேன், யோசிக்காமல், ராத்தா ஆரை நானா எண்டு கூப்பிடுறவ. “ஏன்?” சும்மா. இன்று இரண்டாவது சும்மா. “எங்களுக்கேது நானா. உம்மாட வாயில காக்காதான் வரும், அந்தக் காக்காவும் எங்களுக்கில்ல. ராத்தாதான் மூத்த புள்ள.” குனிந்து திரையை வாசித்தாள், நனா ஒண்டு, நனா ரெண்டு, பிறகு சிரித்தாள், “ராத்தா இங்கிலீஷ்ல தமிழ் அடிச்சா மனிசருக்கு விளங்காது. கேள்விக்குறியும் போட மாட்டா. வருவீங்க எண்டு ஒரு மெசேஜ் வரும், கேட்டாவா சொன்னாவா எண்டு நான் திருப்பிப் போன் எடுத்துத்தான் கேப்பன்.” நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், சிரிப்பு மெல்ல இறங்கியது. “மச்சான், நீங்க ராத்தாவ...” முடிக்கவில்லை. முடித்திருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். “இதை நான் வாப்பாட்டச் சொல்ல மாட்டன்,” என்றாள், வேறு குரலில், “தேத்தண்ணி போடுறன். கொண்டு வாறதுக்குள்ள அத மூடி வைங்க. சொந்தம் வேணுமெண்டா மூடி வைங்க.” குசினியில் தண்ணீர் விழுந்தது, வேகமாக, கோபத்தோடு.

மூட வேண்டும். மூடியிருப்பேன். திரையில் மூன்று செய்மதிகளையும் இணைத்துப் பச்சைக் கோடு, முக்கோணமாக, முக்கோணத்துக்கு மூன்று கோடு போதும், நாலாவது ஒன்று இருந்தது, nana 2 இலிருந்து வெளியே, மெல்லியதாக, சந்திரன் இருக்கும் திசையில் நீண்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்திரனின் விளிம்பில் பட்டு அறுந்து போனது. சும்மா கோடு போகாது, மறுமுனையில் ஏதாவது இருந்தால்தான் கோடு, இவள் யாரோடு கதைக்க இதைக் கட்டினாள், சந்திரனுக்குப் பின்னால் யார். பட்டியலில் பார்த்தேன், இல்லை, ஒளித்திருக்கிறாள், ஏழு மாதம் சந்தேகப்பட்டது வீணில்லை... பிறகுதான் கவனித்தேன், நான் செய்மதிகளை மட்டும் காட்டும்படி விட்டிருந்தேன், ஒளித்தது நான். மாற்றவில்லை, தானாக வரட்டும் என்று நேரத்தை ஓடவிட்டேன், ஐந்து மடங்கு, ஐம்பது மடங்கு, செய்மதிகள் பூச்சி போலச் சுற்றின, ஒன்றையொன்று நெருங்கவும் இல்லை விலகவும் இல்லை, அறுந்த கோடு மறுபடி பாய்ந்து ஒட்டியது, சந்திரனின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கலம் வெளியே வந்தது, நேரத்தை நிறுத்தினேன், அதன் மேல் அழுத்தினேன், பெயர் வந்தது. neengala.

நீங்கள... நீங்களா. மேலே nana, கீழே neengala. நானா, நீங்களா. வாய்விட்டு வாசித்தேன், என் குரலில் சரியாக வரவில்லை, அது அவளுடைய குரலில்தான் சொல்லாக இருக்கும். காலையில் கண் திறக்காமல், தேத்தண்ணிக்கு, நானா நீங்களா. படலை பூட்ட, நானா நீங்களா. குளியலறையில் கரப்பான், உம்மாவுக்குப் போன், மழைக்குக் கொடியில் கிடக்கிற உடுப்பு, ஒவ்வொரு நாளும் அதே இரண்டு சொல், ஆரம்பத்தில் சிரித்தோம், பிறகு ஃபேன் சத்தம் போல அது எனக்குக் கேட்காமலே போய்விட்டது, நான் ஒன்றும் சொல்லாவிட்டால் அவளே எழும்பிப் போவாள். நானா என்றால் ஆணின் பெயர் என்றே ஏழு மாதம்... என்ன மனிதன் நான், தமிழில் நான் என்றும் ஒரு சொல் இருக்கிறதே, அது எப்படித் தோன்றாமல் போனது. தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா. ஏனென்றால் லெய்லா மாமி கேட்டது உண்மையென்றால், ஒன்பது மணிக்குப் போனில் அவள் நானா என்று சொன்னது உண்மையென்றால், அந்தப் போன் எது, போனில் இருந்தது ஒரே ஒரு அழைப்பு, ஒன்பது பன்னிரண்டு, வேறு அழைப்பு இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஏன் அவ்வளவு விருப்பம். நான் பண்ணையில் நின்றேன், நாலாம் குளத்தில், ஒட்சிசன் குறைந்து இறால்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன, தண்ணீரைக் கடைகிற சக்கரம் பக்கத்தில் இரைந்தது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொல்லு என்றேன், தலையிடி இண்டைக்கு மூணு நாள், இடக் கண் மங்கலா இரிக்கி என்றாள், குளிசை ரெண்டு போடு என்றேன், அது போட்டாச்சி, டொக்டரிட்டத்தான் காட்டணும் என்றாள், பிறகு அவள் ஒன்று கேட்டாள், சக்கரச் சத்தம், மீட்டரில் இலக்கம் இறங்கிக்கொண்டிருந்தது, பிறகு சரி... சரி என்று சொன்னது அவள் இல்லை. சக்கரத்துக்கு மேலால் கத்திச் சொன்ன குரல் அது, அவளுக்கு அப்படிக் கத்த வராது. சரி என்று சொல்லிவிட்டு வைத்தது நான், எதற்குச் சரி, அந்தக் கேள்விக்குச் சரி என்பது பதிலே இல்லை, அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாள், யார் என்று தெரியாமல். ஸபீனா தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள், இரண்டு கோப்பை, “மூடலியா இன்னும்,” என்றாள், நான் அவளைப் பார்த்தேன், ராத்தா கடைசியாகச் சரி என்று சொன்னதாக அவளிடமும் சொல்லியிருக்கிறேன், அதை இப்போது மாற்றிச் சொல்ல வேண்டும், ராத்தா என்ன சொன்னாள் என்று கேட்பாள், சொல்ல வேண்டும், வாயைத் திறந்தேன், “பின்னேரத்துக்கு டொக்டரிட்ட நம்பர் எடுக்கிறது ஆரு, நானா, நீங்களா.”