ஐந்தாவது பெயர்

டத்தோ கிராமாட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பெற்றோர் கூட்டம். தனுஜாவும் வந்திருந்தாள். அவள் மகள் படிக்கும் சிறப்புக் கல்வி வகுப்புக்கு மானியம் தொடர வேண்டுமானால், மாற்றுத்திறனாளி அட்டை உள்ள அல்லது அதற்கு விண்ணப்பித்த பிள்ளைகள் ஐவராவது வேண்டுமாம். இருப்பதோ நால்வர். இன்றைக்குள் ஐந்தாவது பெயர் சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள்.

பெற்றோர் சங்கத் தலைவர் குணாளனுக்கு மைக் கிடைத்தால் கல்யாணக் களைதான். "மானம் போயிடும்னு பிள்ளைய மறைச்சு வைக்கிறீங்களே, வெக்கமா இல்ல? கார்டு எடுங்க லா! உங்க கௌரவத்துக்கு மத்த பிள்ளைங்க படிப்பு போகணுமா?" என்று முழங்கினார்.

கைதட்டல் ஓயுமுன் பின்வரிசையில் அவர் மனைவி காமினி எழுந்தாள். ரசத்துக்கு உப்பு போடக்கூடக் கணவர் முகத்தைப் பார்க்கிறவள்!

"டீச்சர், எங்க சின்னவளுக்குக் கார்டு பாரம் ஒண்ணு குடுங்க, பூர்த்தி பண்ணணும். கார்டு எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரி லெட்டர் வந்து எட்டு மாசமாச்சு. இவருதான் அலமாரில வச்சுப் பூட்டிட்டாரு. நானே சைன் பண்றேன்."

குணாளன் மைக்கை மெல்ல மேசையில் வைத்தார். பிரித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை யாரும் தொடவில்லை. ஊர்க்கதையெல்லாம் அறிந்த மண்டபத்துக்கு இந்த வீட்டுக் கதை எட்டவே இல்லையே!

 தனுஜா கைப்பையைக் கவிழ்த்துப் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு, காமினியிடம் ஓடினாள்.